காலமும் உறவும்: பழகி வசப்படுத்திய குற்றத்தில் இழப்பீட்டை அளக்கும் முறை

குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அதற்கு இழப்பீடு கோரி நீதிமன்றத்தின் முன் நிற்பவர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு, நடந்ததற்குப் பெயரிடுவதிலேயே தொடங்குகிறது. ஒருவர் ஒரு குழந்தையோடும், பெரும்பாலும் அதன் குடும்பத்தோடும் மாதக்கணக்கில் பழகி, பரிசும் பாராட்டும் தனிச்சலுகையும் கொடுத்து, வெளியே சொல்ல முடியாத இரகசியம் ஒன்றில் அக்குழந்தையைப் பங்காளியாக்கி, அந்த இரகசியத்தின் பிடியைக் கொண்டே பாலியல் கொடுமைக்கு வழி செய்துகொள்ளும் நடைமுறையைச் சட்ட இலக்கியம் 'குரூமிங்' என்று அழைக்கிறது. இதற்குத் தமிழில் நிலைபெற்ற கலைச்சொல் அமையாத காரணத்தால் இக்கட்டுரை 'பழகி வசப்படுத்தல்' என்ற தொடரை ஆள்கிறது. நாளிதழ்ச் செய்திகளில் வழக்கமாக இடம்பெறும் 'ஆசை வார்த்தை கூறி' என்ற தொடர் இதற்கு ஈடாகாது. அது குற்றவாளியின் திட்டத்தின் மேல் விழவேண்டிய பார்வையைக் குழந்தையின் ஆசையின் பக்கம் திருப்பிவிடுகிறது; அத்தகைய சொல் புகார் எழுதப்படும் முதல் நாளில் ஏட்டில் ஏறிவிட்டால், இழப்பீட்டு விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் கடைசி நாள் வரை அது கூடவே வருகிறது.

இந்திய இழப்பீட்டுச் சட்டம் பழகி வசப்படுத்தலின் சேதத்தை அளப்பதற்குரிய அளவுகோலை ஏற்கெனவே தன்னுள் வைத்திருக்கிறது என்பதும், இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் குற்றப்பிரிவின் பெயரையும் அட்டவணையையும் ஒட்டியே தீர்மானிக்கப்படுவதால் அந்த அளவுகோல் கைக்கொள்ளப்படாமல் கிடக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். கர்நாடகத் தலைநகரில், குறிப்பாகத் தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள் வாழும் ஒக்கலிபுரம் போன்ற பகுதிகளை மனத்தில் கொண்டு, அந்த அளவுகோல் எவ்வாறு பயன்படக்கூடும் என்பது இங்கே ஆராயப்படுகிறது.

குற்றவியல் சட்டத்தில் இதற்குரிய இடம் சிதறிக் கிடக்கிறது. இங்கிலாந்தின் 2003 ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டம், வசப்படுத்திய பின் குழந்தையைச் சந்திப்பதைத் தனிக்குற்றமாக்கியது. இந்தியாவில் அத்தகைய முழுமையான பிரிவு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, கணினி வழியாகக் குழந்தைகளைப் பாலியல் சார்ந்த இணைய உறவுக்கு ஈர்ப்பதைத் தண்டிக்கிறது. ஆயினும் அதன் வாசகம் குழம்பியது, இணையத்துக்கு வெளியே நடக்கும் பழக்கத்தை அது தொடுவதும் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வேறு வழியில் செல்கிறது. அதன் 5 ஆம் பிரிவு, குழந்தையின் நம்பிக்கைக்கோ தன் அதிகாரத்துக்கோ உரிய நிலையில் இருப்பவர் குற்றம் புரிந்தாலும், குற்றம் திரும்பத் திரும்ப நிகழ்ந்தாலும் அதைக் கடுமைமிக்க குற்றமாக வகைப்படுத்துகிறது. பழகி வசப்படுத்தல் என்ற பெயரைச் சொல்லாமலே அதன் இரு கூறுகளான உறவையும் காலத்தையும் சட்டம் இவ்வாறு அடையாளம் கண்டிருக்கிறது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007 இல் வெளியிட்ட ஆய்வு, கொடுமை செய்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்கள் என்று காட்டியதை நினைத்தால், இந்த வகைப்பாட்டின் தேவை விளங்கும்.

இழப்பீட்டின் வரலாறு இதிலிருந்து தனியாக வளர்ந்தது. சட்டவிரோதமாகச் சிறையில் வைக்கப்பட்டவருக்கு அரசு பணம் தரவேண்டும் என்று 1983 இல் ருதுல் சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதிலிருந்து, அடிப்படை உரிமை மீறலுக்குப் பண நிவாரணம் உண்டு என்ற கொள்கை வேர்விட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இழப்பீட்டு வாரியம் ஒன்று வேண்டும் என 1994 இல் டெல்லி வீட்டுவேலைப் பெண்கள் அமைப்பின் வழக்கில் சொல்லப்பட்டது. 1995 இல் போதிசத்வ கௌதம் வழக்கில், விசாரணை முடியும் முன்பே மாதம் 1,000 ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009 இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த 357ஏ பிரிவு இக்கொள்கைக்குச் சட்டவடிவம் தந்தது. அதன் வழியே கர்நாடகம் 2011 இல் தன் இழப்பீட்டுத் திட்டத்தை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் அப்பிரிவின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396 ஆம் பிரிவு நிற்கிறது. குற்றவாளி அடையாளம் காணப்படாவிட்டாலும், விசாரணை விடுதலையில் முடிந்தாலும் அரசு நிதியிலிருந்து இழப்பீடு பெற இந்த ஏற்பாட்டில் இடமுண்டு. இங்கே பணம் தண்டனையின் பகுதியன்று. பாதுகாக்கத் தவறிய அரசு ஏற்கும் கடமை.

சிக்கல் தொடங்குவது அட்டவணையில். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018 இல் பெண்களுக்காக வகுத்த இழப்பீட்டுத் திட்டத்தை, போக்சோ வழக்குகளுக்குத் தனி விதிகள் வரும்வரை சிறப்பு நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அட்டவணையில் பாலியல் வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய். மறுவாழ்வு தேவைப்படும் மனக்காயத்துக்கு 1 முதல் 2 லட்சம். பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் வரம்பு 50 விழுக்காடு உயரும். உடல் ஊடுருவல் நிகழாமல், இரண்டு மூன்று ஆண்டுகள் ஒருவரின் பிடியில் சிக்கி, படிப்பை விட்டு, எவரையும் நம்பும் திறனை இழந்த குழந்தையின் இழப்பு இந்த அட்டவணையின் கீழ்ப்படியில் போய் விழுகிறது. ஒரே நாளில் முடிந்த செயலை அளப்பதற்குப் பொருந்தும் கோல் அது. பழகி வசப்படுத்தலின் சேதமோ நாட்களில் பரவியது. அதில் ஒரு தனிச் செயலைப் பிரித்தெடுத்து விலை குறிப்பது, அரித்துப்போன சுவரின் ஒரு செங்கல்லுக்கு மட்டும் கணக்கு எழுதுவதை ஒக்கும்.

இந்தக் குறையைத் திருத்தும் வழி 2020 ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளின் 9 ஆம் விதியில் இருக்கிறது. இழப்பீட்டைப் பரிந்துரைக்கும்போது சிறப்பு நீதிமன்றம் கருதவேண்டியவை என்று அவ்விதி எண்ணிச் சொல்பவற்றில், கொடுமையின் கடுமை, மருத்துவச் செலவு, பள்ளிக்குச் செல்ல இயலாமையால் இழந்த கல்வி வாய்ப்பு ஆகியவற்றோடு, குழந்தைக்கும் குற்றவாளிக்கும் இருந்த உறவும், கொடுமை ஒருமுறை நிகழ்ந்ததா அல்லது ஒரு கால அளவில் தொடர்ந்ததா என்பதும் தனித்தனியே இடம்பெறுகின்றன. உறவு, காலம் ஆகிய இவ்விரண்டையும் நீதிமன்றம் மெய்யாகவே எடைபோடவேண்டுமானால் அவற்றுக்குச் சான்று வேண்டும். சான்று வேண்டுமானால் புலனாய்வின்போதே அது திரட்டப்பட வேண்டும். பழக்கம் எப்போது தொடங்கியது, வீட்டுக்கு வந்துபோனது எத்தனை நாள், என்னென்ன பொருள் கொடுக்கப்பட்டது, கைப்பேசியில் நடந்த உரையாடல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பள்ளி வருகைப் பதிவேட்டில் எந்த மாதத்திலிருந்து குறைவு தெரிகிறது என்பவை எல்லாம் குற்றத்தை மெய்ப்பிக்க அவசியமற்றவையாகத் தோன்றலாம். இழப்பீட்டுக்கு அவையே உயிர். குற்றப்பத்திரிகை, குற்றம் நிகழ்ந்த நாளையும் இடத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு எழுதப்படும்போது இந்த முன்கதை உதிர்ந்துவிடுகிறது. தீர்ப்பெழுதும் நீதிபதியின் மேசைக்கு அது வருவதே இல்லை. பெங்களூரிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ் போன்ற மனநல நிறுவனத்தின் குழந்தை மனநல மருத்துவர் தரும் மதிப்பீட்டு அறிக்கை, சிகிச்சைக்கான பரிந்துரையாக மட்டும் நில்லாமல் இழப்பைக் காட்டும் ஆவணமாகவும் கோப்பில் சேரவேண்டும்.

காலத்தையும் ஆதிக்கத்தையும் நீதிமன்றத்தால் அளக்கவே முடியாது என்று சொல்வதற்கில்லை. பெங்களூரில் மக்கள் பிரதிநிதிகளுக்கான சிறப்பு நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பிரஜ்வல் ரேவண்ணாவுக்கு வாழ்நாள் சிறைத்தண்டனை விதித்தபோது, ஆதிக்க நிலையைப் பயன்படுத்திச் செய்த வல்லுறவு, திரும்பத் திரும்பச் செய்த வல்லுறவு ஆகிய இரு தனிப் பிரிவுகளில் குற்றத்தை உறுதிசெய்தது. அபராதத்திலிருந்து 11 லட்சத்து 25 ஆயிரம் ரூபாயைப் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு வழங்கவும் ஆணையிட்டது. மேல்முறையீட்டுக்கு உட்பட்ட அத்தீர்ப்பு வயதுவந்த ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் வழக்கு. பழகி வசப்படுத்தலும் அன்று. எனினும் ஆதிக்கமும் தொடர்ச்சியும் தண்டனையிலும் தொகையிலும் சேர்ந்தே நின்றதால் அது இங்கே கருதத்தக்கது. அப்பணம் அரசு நிதியிலிருந்தன்றிக் குற்றவாளியின் அபராதத்திலிருந்து வருவது என்பதும் நினைவில் இருக்கவேண்டும். வசதியற்ற குற்றவாளியிடமிருந்து அப்படி எதுவும் கிடைக்காது. அங்கே 9 ஆம் விதியே கதி.

நகர ரயில் நிலையத்துக்கு அருகே, ஸ்ரீராமபுரத்தை ஒட்டியிருக்கும் ஒக்கலிபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு இந்த விதி எட்டும் தொலைவில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. குழந்தை தமிழில் நினைக்கிறது. காவல் நிலையம் கன்னடத்தில் எழுதுகிறது. தீர்ப்பு ஆங்கிலத்தில் வரக்கூடும். போக்சோ சட்டத்தின் 19 ஆம் பிரிவு புகாரைப் பதியும்போதும், 38 ஆம் பிரிவு நீதிமன்றச் சாட்சியத்தின்போதும் மொழிபெயர்ப்பாளரை உரிமையாக்குகின்றன. ஆனால் 'அந்த அண்ணன் என்கிட்ட நல்லாத்தான் பழகுவாரு' என்று குழந்தை சொல்லும்போது, அந்தப் 'பழகுவாரு' என்ற சொல்லில் அடங்கிய நாட்களும் நம்பிக்கையும் மொழிபெயர்ப்பில் வெறும் 'அறிமுகமானவர்' என்று சுருங்கிவிட்டால், 9 ஆம் விதி கேட்கும் உறவும் காலமும் ஒரே சொல்லில் தொலைந்துபோகின்றன. இதனாலேயே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதை நடைமுறைச் சடங்காகக் கொள்வது தவறு; இழப்பீட்டின் அளவே அங்கு முடிவாகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு என்று 1987 ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வழக்கறிஞர் தமிழ் அறிந்தவராக இருக்கவேண்டும் என்று குடும்பம் கேட்பது சலுகை ஆகாது.

இடைக்கால இழப்பீடு இன்னும் நெருக்கடியானது. முதல் தகவல் அறிக்கை பதிவான பின் எந்தக் கட்டத்திலும், விண்ணப்பத்தின் பேரிலோ தானாகவோ சிறப்பு நீதிமன்றம் அதை ஆணையிடலாம்; ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மாநில அரசு தொகையைச் செலுத்த வேண்டும்; உணவு, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக்குழு 8 ஆம் விதியின்கீழ் தனியே பரிந்துரைக்கலாம். பெங்களூரின் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை மற்றும் சட்ட மையம் 2017 இல் கர்நாடகச் சிறப்பு நீதிமன்றங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, இடைக்கால இழப்பீடு அரிதாகவே ஆணையிடப்பட்டதைக் காட்டியது. பழகி வசப்படுத்திய வழக்குகளில் இந்தத் தாமதம் தனிக்கேடு விளைவிக்கிறது. வசப்படுத்தியவர் பெரும்பாலும் குடும்பத்துக்கு ஏதோ ஒரு வகையில் உதவியவர். வாடகைக்கு முன்பணம் தந்தவராகவோ, பள்ளிக்கட்டணம் கட்டியவராகவோ, வேலை வாங்கித் தந்தவராகவோ இருப்பார். புகாருக்குப் பின் அந்த உதவி நின்றுபோகும் மாதங்களில் அரசின் பணம் வராவிட்டால், சமரசத்துக்குக் குடும்பத்தின் மேல் விழும் அழுத்தம் தாங்க முடியாததாகிறது.

குழந்தை பிறழ் சாட்சியாவது பெரும்பாலும் இங்கிருந்துதான். அவ்வாறு பிறழ்ந்தால் வாங்கிய இழப்பீட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று சில நீதிமன்றங்கள் கருதியதுண்டு. பொய்ப்புகாருக்குப் பணம் தூண்டுகோலாகிவிடும் என்ற அச்சம் அதன் பின்னே இருக்கிறது. அந்த அச்சத்தை ஒரேயடியாகப் புறந்தள்ள முடியாது. ஆனால் விடுதலையில் முடிந்த வழக்கிலும் இழப்பீடு தரலாம் என்று 9 ஆம் விதி வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் நிலையில், சாட்சியத்தை மாற்றிய ஒரே காரணத்துக்காகப் பணத்தைத் திரும்பக் கேட்பது அவ்விதியின் நோக்கத்துக்கு எதிரானது. வசப்படுத்தியவர்மேல் குழந்தைக்கு எஞ்சியிருக்கும் பற்றும் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்ற குற்றவுணர்வும் அந்தக் குற்றத்தின் விளைவுகளே. காயத்தின் அறிகுறியையே காயமில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் வாதத்தை ஏற்பதற்கில்லை.

காலக்கெடு பற்றியும் ஒரு சொல். 2018 திட்டத்தின்படி குற்றம் நிகழ்ந்த நாளிலிருந்தோ விசாரணை முடிந்த நாளிலிருந்தோ 3 ஆண்டுகளுக்குள் கோரவேண்டும், தக்க காரணம் இருப்பின் தாமதம் மன்னிக்கப்படலாம். உரிமையியல் வழக்கில், சிறார் வயது முடிந்தபின் 3 ஆண்டுகளுக்கு மேல் 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு அவகாசம் தருவதில்லை. பழகி வசப்படுத்தப்பட்டவர் தனக்கு நேர்ந்தது கொடுமை என்று உணர்வதற்கே 21 வயதைத் தாண்டிவிடக்கூடும். எனவே தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் இவ்வழக்குகளில் தாராளமாகப் பயன்படுத்தப்பட வேண்டும். உரிமையியல் காலக்கெடுவுக்குச் சட்டத்திருத்தமே தேவை.

நிறுவனப் பொறுப்பைப் பற்றி இந்தியச் சட்டம் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறது. விடுதிக் காப்பாளர் ஒருவர் மாணவர்களுக்குத் தகாத பரிசுகளும் தனிப்பயணங்களும் அளவுமீறிய சலுகைகளும் கொடுத்து வசப்படுத்திக் கொடுமை செய்த லிஸ்டர் வழக்கில், அவரைப் பணியமர்த்திய நிறுவனமே இழப்பீடு தரவேண்டும் என்று 2001 இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. பராமரிக்கும் பணியை ஒப்படைத்ததன் மூலமே அந்நெருக்கத்தை நிறுவனம் உண்டாக்கியது என்பது அதன் உட்பொருள். இந்தியாவில் கொல்கத்தா அருகே ஹவுராவில் ரயில்வே விடுதியில் வல்லுறவுக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு 10 லட்சம் ரூபாய் தருமாறு 2000 இல் சந்திரிமா தாஸ் வழக்கில் ஆணையிடப்பட்டதில் அதே தருக்கத்தின் தொடக்கம் இருக்கிறது. தனியார் பள்ளிக்கும் பயிற்சி மையத்துக்கும் விடுதிக்கும் அது நீட்டப்படவில்லை. வழங்கிய தொகையைத் தீங்குக்குப் பொறுப்பானவரிடமிருந்து வசூலிக்க நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை 2018 திட்டம் மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. பெங்களூரின் நியாய தேகுலக் கட்டடத்தில் இயங்கும் கர்நாடக ஆணைக்குழு, பழக்கத்துக்கு இடம் கொடுத்த நிறுவனத்தையும் அந்தப் 'பொறுப்பானவர்' என்ற சொல்லுக்குள் கொண்டுவந்து ஒரு வழக்கையேனும் தொடருமானால், அரசு முன்னின்று கொடுக்கும் பணத்தின் சுமை உரியவர் தோளுக்குச் செல்லும் வழி நீதிமன்றத்தில் சோதிக்கப்படும்.