சதுரக் கட்டை செய்த சதி?

1976 மே 12. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம், ஹாம்ப்டன் பார்க் மைதானம். ஐரோப்பியக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். பிரான்சின் சான்-எத்தியென் அணியும் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கும் மோதின. முதல் பாதியில் பாத்தெனே அடித்த பந்து கோல் போஸ்ட்டின் குறுக்குக் கட்டையில் பட்டுத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் சான்டினி தலையால் முட்டிய பந்துக்கும் அதே கதி. 57-வது நிமிடம், பெக்கன்பவர் தட்டிவிட்ட ஃப்ரீ கிக்கை ரோத் கோலாக்கினார். 1-0. அவ்வளவுதான், பயர்னுக்குக் கோப்பை.

சான்-எத்தியென் ரசிகர்கள் இன்னமும் நொந்துகொள்வது ரோத்தை அல்ல, கோல் போஸ்ட்டை! ஹாம்ப்டனில் அப்போ இருந்தது சதுர மரக்கட்டை. உருண்டைக் கம்பமா இருந்திருந்தா பந்து உள்ளே போயிருக்கும் என்பது அவங்க வாதம்.

எனக்கு இது பாதிதான் ஒப்புது. தட்டையான முகத்தில் பட்ட பந்து வந்த பக்கமே திரும்பும், சரி. உருண்டைக் கம்பத்தின் அடிப்பாதியில் பட்டால் கீழ்நோக்கி உள்ளே சறுக்கலாம். ஆனா மேல்பாதியில் பட்டிருந்தா? நேரா கேலரிக்குத்தான்.

2013-ல் சான்-எத்தியென் கிளப்பே 20,000 யூரோ கொடுத்து அந்தக் கட்டைகளை வாங்கித் தன் மியூசியத்தில் வைத்துவிட்டது. ஜெயிச்ச பயர்னுக்குக்கூட அது தோணலை பாருங்க.