ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986)

பாலே பயிற்சி வழியாகப் பரதநாட்டியத்துக்கு வந்து, நாட்டிய நாடக அமைப்பாளராக உயர்ந்த தமிழ்நாட்டுக் கலைஞர், கலாக்ஷேத்ராவின் நிறுவனர். மதுரையில் பிறந்தார். 1928இல் உருசிய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். இந்திய ஆடல் மரபை நாடும்படி தூண்டியவர் பாவ்லோவாவே. பின்னர்ப் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிரைக் கற்று, 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார்.

இவரது தனிச்சிறப்பு நடன அமைப்பிலேயே உள்ளது. தனியொருவர் ஆடிய சதிரின் அடவுகளை (அடிப்படை ஆடல் அசைவுகளை) குழு ஆட்டத்துக்கு விரித்தார். மேடை ஒளி, ஆடை, அரங்க ஒழுங்கு ஆகியவற்றில் பாலே அரங்கின் கட்டுக்கோப்பு தெரிகிறது. கதைமாந்தர் நடிப்புக்குக் கதகளியும் பாகவத மேள நாட்டிய நாடக மரபும் துணைநின்றன. குற்றாலக் குறவஞ்சி (1944) தொடக்ககாலப் படைப்பு. ஆறு பகுதிகளாலான இராமாயண வரிசை (1955–1970) இவரது தலையாய ஆக்கம். அதற்கு மைசூர் வாசுதேவாச்சாரியார் தொடங்கிய இசையமைப்பை, 1961இல் அவர் மறைந்தபின் பேரன் எஸ். இராஜாராம் நிறைவுசெய்தார்.

சதிரை வளர்த்த இசைவேளாளர் மரபின் சிருங்காரத்தை (காதல் சுவையை) இவர் குறைத்தது இன்றும் விவாதிக்கப்படுகிறது. அம்மரபில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி அதை ஏற்கவில்லை. ருக்மிணி தேவி 1956இல் பத்ம பூஷண் பெற்றார். தென்சென்னைத் திருவான்மியூரில் இயங்கும் கலாக்ஷேத்ரா, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.