பெயர் போட்டவரும் பெயர் மறைத்தவரும்

1683 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சில புத்தகங்களைக் கொளுத்தியது. எரிந்தவற்றில் தாமஸ் ஹாப்ஸின் ‘லெவியத்தான்’ ஒன்று. கொளுத்தியவர்கள் ராஜ விசுவாசிகள். மன்னருக்கு வரம்பில்லாத அதிகாரம் வேண்டும் என்று வாதாடிய நூலை அவர்களே ஏன் எரிக்க வேண்டும்? அதே ஆண்டு, மன்னரை எதிர்க்கும் உரிமை பற்றி ரகசியமாக எழுதிவந்த ஜான் லாக் உயிருக்கு அஞ்சி ஹாலந்துக்கு ஓடினார்.

எரித்தவர்களுக்கு விஷயம் புரிந்துதான் இருந்தது. ஆதாமுக்குக் கடவுள் கொடுத்த அதிகாரமே வழிவழியாக அரசருக்கு வந்தது என்பது ராஜ விசுவாசியான ராபர்ட் ஃபில்மரின் வாதம். அவருடைய நூல் 1680இல் அச்சேறியிருந்தது. ஹாப்ஸும் லாக்கும் அந்த ஏணியைத் தட்டிவிட்டார்கள். யாரும் ஆளப் பிறந்தவரில்லை, மக்கள் கூடிச் சம்மதித்ததால்தான் அரசு வந்தது என்பதில் இருவருக்கும் பேதமில்லை. பேதம் அதற்குப் பிறகுதான்.

ஹாப்ஸ் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாழ்ந்தவர். மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட இரண்டாம் ஆண்டு, 1651இல், ‘லெவியத்தான்’ வெளிவந்தது. அரசு இல்லாத நிலையில் எல்லோருக்கும் எல்லாவற்றின் மீதும் உரிமை உண்டு என்றார். அதனாலேயே எவருக்கும் எதுவும் நிச்சயமில்லை. எத்தனை பலசாலியானாலும் இரவில் தூங்கித்தானே ஆக வேண்டும்? நோஞ்சான்கூட அவனைக் கொன்றுவிடலாம். ஆகவே எல்லோரும் தங்கள் உரிமையை ஒருவரிடம் விட்டுக்கொடுக்கிறார்கள். இந்த ஒப்பந்தம் மக்கள் தங்களுக்குள் செய்துகொள்வது. ஆள்பவர் அதில் கையெழுத்திடவில்லை. எனவே அவர் வாக்கு மீறினார் என்று வழக்காட இடமில்லை. ஆனால் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது. தூக்குமேடைக்கு இழுத்துச் செல்லப்படுபவனும் திமிறலாம். ஆள்பவரால் காப்பாற்ற முடியாமல் போனால் கீழ்ப்படியும் கடமையும் போயிற்று. ஹாப்ஸ் கட்டிய கோட்டையில் இது சின்ன ஓட்டை அல்ல என்றே எனக்குப் படுகிறது.

லாக்குக்கு அண்டை வீட்டானைவிட அரசனிடம்தான் அச்சம். நரிக்குப் பயந்து சிங்கத்தின் குகைக்குள் புகுவதா என்பதே அவர் கேள்வியின் சாரம். உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் அரசுக்கு முன்பே நமக்கு உண்டு. இல்லாதது பொதுவான நீதிபதி மட்டுமே. தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லும் அவலம் தீரத்தான் அரசு. அது நம்பி ஒப்படைத்த பொறுப்பு. நம்பிக்கை கெட்டால் திரும்பப் பெறலாம். உடைமைக்கு அவர் தரும் விளக்கம் எளிது: காட்டில் கிடக்கும் கனியைப் பொறுக்குபவன் அதில் தன் உழைப்பைக் கலக்கிறான், அது அவனுடையதாகிறது. ஆனால் அழுகவிடும் அளவுக்குச் சேர்க்கக் கூடாது. பணம் அழுகாது என்பதால் அந்த வரம்பு பிறகு பிசுபிசுத்துப்போகிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடிமைத்தனத்தைச் சாடித் தன் நூலைத் தொடங்கியவர், ஆப்பிரிக்க அடிமை வணிக நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தார். 1669இன் கரோலினா சாசனம் கறுப்பின அடிமைகள் மீது எஜமானருக்கு முழு அதிகாரம் கொடுத்தது. அதன் உருவாக்கத்திலும் லாக்கின் கை உண்டு.

மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடிய பிறகு, 1689இன் கடைசியில், லாக்கின் ‘அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்’ வெளிவந்தது. காற்று அவர் பக்கம் வீசிய காலம். ஆனாலும் அட்டையில் பெயரில்லை. எழுதியவர் தாமே என்று 1704இல், உயிலில்தான் ஒப்புக்கொண்டார். தானும் பயமும் இரட்டைப் பிள்ளைகளாய்ப் பிறந்தோம் என்று சொல்லிக்கொண்ட ஹாப்ஸோ, ‘லெவியத்தான்’ முகப்பில் தன் பெயரோடு சொந்த ஊர் மாம்ஸ்பரியையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்.