தெய்வபயமும் கண்டியின் பெரியம்மையும்

கெலிஓயாவில் புகைவண்டி ஏறினால், பேராதனை வழியாகச் சிறிது நேரத்தில் கண்டியை அடைந்துவிடலாம். அந்நகரில் 1692-ஆம் ஆண்டு யோசேப்பு வாஸ் அடிகளார் சிறையிலிடப்பட்டார். கோவாவிலிருந்து வந்த அவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் ஐயுற்றான்.

கத்தோலிக்க மறை தெய்வபயத்தைப் பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அன்பே வடிவான இறைவனிடம் அச்சம் எதற்கு என நேயர்கள் வினவலாம். நியாயமான வினாவே. சவுக்குக்கு நடுங்குவது அடிமையின் அச்சம். தந்தையின் மனம் நோகலாகாதே என்று கலங்குவது மகனின் அச்சம். மறைவல்லார் கொடை என்றது இந்த இரண்டாவதையே.

1697-இல் கண்டியைப் பெரியம்மை தாக்கிற்று. மன்னன் நகரை நீங்கினான். நோயுற்றோரை உற்றாரே காடுகளில் விட்டகன்றனர். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனார் யோசேப்பு கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்றனர். புண்களைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தனர். எச்சமயத்தவர் என்று கேட்டாரில்லை. ஓடியவர்களைக் குறைகூற நான் துணியேன். தடுப்புமுறை அறியாத அந்நாளில் அம்மைக்கு அஞ்சாதார் யார்? அடிகளாரும் அஞ்சியிருக்கக்கூடும். ஆயினும், கைவிடப்பட்டவனைக் கடந்து சென்றால் இறைவன் முகத்தில் எங்ஙனம் விழிப்பது என்ற அச்சம் அதனினும் பெரிதாயிருந்தது போலும்.

மன்னனின் ஐயம் அகன்றது. மறைப்பணிக்கு உரிமையும் கிடைத்தது. அடிகளார் 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதர் என அறிவித்தார்.