கடைசி வளைவில் குளொக்

2008 நவம்பர் 2, பிரேசிலின் இன்டர்லாகோஸ். ஃபோர்மியூலா 1 பருவத்தின் கடைசி ஓட்டம், 71 சுற்று. முடியச் சில சுற்றுகள் இருக்கேக்க மழை தூறியது. முன்னணியில் நின்ற மற்றவர்கள் உள்ளே வந்து மழை டயர் மாற்றினார்கள். டொயோட்டா அணி குளொக்கையும் ட்ரூலியையும் வெயில் டயரிலேயே ஓட விட்டது. தூறல் வலுக்காவிட்டால் லாபம்; கணக்குப் பிழையில்லை.

கடைசிச் சுற்றில் வலுத்தது. மழை டயரின் வெட்டுகள் தண்ணீரை வாரித் தள்ளும், மென்மையான இறப்பர் ஈரத்திலும் பிடிக்கும். வெயில் டயரோ சூடு போனால் கல்லுத்தான். கடைசி வளைவுகளில் ஹமில்டன் குளொக்கை முந்தி ஐந்தாவதானார். அவருக்கு 98 புள்ளி. ஓட்டத்தை வென்ற மாசாவுக்கு 97.

குளொக் வேணுமெண்டு வழிவிட்டவர் எண்டு இப்பவும் கதைக்கினம். நாங்கள் அதை ஏற்கமாட்டம். அதே டயரில் ட்ரூலிக்கும் அந்தச் சுற்று கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் எடுத்தது. அவரை ஒருத்தரும் ஏசவில்லை! அதோட, மழைக்கு முன்னம் குளொக் நின்றது ஹமில்டனுக்குப் பின்னால், ஏழாவதாக. டயர் மாற்றாததால்தான் முன்னுக்கு வந்தார். மாசாவுக்குக் கொஞ்சநேரம் பட்டம் தெரிந்ததே அதனால்தான். ஓட்டம் முடிய குளொக் ஆறாவது.