பட்டாம்பூச்சிக் குழந்தைகள்

இன்று கொஞ்சம் நீளமான பாடம். பரீட்சை கிடையாது, பயப்படாதீர்கள்.

லேசாகத் தேய்த்தாலே தோல் கொப்புளித்து உரிந்துவிடும் ஒரு பிறவி நோய் உண்டு. இந்தக் குழந்தைகளைப் பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்பார்கள். இறக்கையைத் தொட்டால் உதிருமே, அப்படி. 1870-ல் வியன்னாவின் தோல் மருத்துவர் ஹெப்ரா இதைப் பரம்பரைக் கொப்புள நோய் என்று எழுதினார். 1886-ல் ஜெர்மானியரான கோப்னர் 'எபிடெர்மோலிசிஸ் புல்லோசா' என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்தது, வைத்தியம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நூறு வருஷத்தை ஒரே வரியில் தாண்டிவிடலாம். 1978-ல் இங்கிலாந்தில் பில்லிஸ் ஹில்டன் என்ற தாய் ஒரு சங்கம் தொடங்கினார். ஆராய்ச்சிச் சங்கத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'டெப்ரா' என்று வரும். இந்த நோயோடு பிறந்த அவர் மகளின் பெயரும் அதுதான். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் பேராசிரியர்களுக்கு முன்னால் இந்த அம்மாவைத்தான் வைப்பேன்.

காரணம் பிடிபட்டது 1991-ல். சிகாகோவில் எலைன் ஃபுக்ஸ் குழுவினர் கெரட்டின் என்ற புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி மாதிரி, தோல் செல்லுக்குள் அது. அதைக் கெடுத்து எலிகளை உருவாக்கினால், எலிக்குட்டிகளின் தோல் கொப்புளித்தது. இது மனிதரில் எந்த நோய் என்று பிறகுதான் தேடினார்கள்! நோயாளிகள் சிலரிடமும் அதே மரபணுவில் பிழை இருந்தது. வேறு வகைகளில் பிழை வேறு மரபணுக்களில்.

இதை ஏன் எழுதுகிறேன்? நம் பழைய மாணவி ஒருத்தியின் தங்கை குழந்தைக்கு இந்த நோய். பார்க்க வந்தவர்கள் "அம்மையோ, ஒட்டிக்குமோ" என்று வாசலோடு திரும்புகிறார்களாம். ஒட்டாது. அம்மையும் இல்லை, யார் செய்த பாவமும் இல்லை. சில வகைகளில் தாய், தகப்பன் இருவரும் அறிகுறியே இல்லாமல் பிழையைச் சுமந்திருப்பார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும். அந்தத் தாயைக் குறைசொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

2015-ல் ஜெர்மனியின் போகும் நகர மருத்துவமனையில் சிரியாவிலிருந்து வந்த குடும்பத்தின் 7 வயதுப் பையன். மேல்தோலில் சுமார் 60 சதவீதம் போய்விட்டது. தகப்பன் தன் தோலைக் கொடுத்தார், உடல் ஏற்கவில்லை. இத்தாலியின் மொதேனாவிலிருந்து மிக்கேலே தெ லூக்கா குழுவினர், பையனின் சிறு துண்டுத் தோலில் சரியான மரபணுவைச் சேர்த்து, தாள் தாளாக வளர்த்துக் கொடுத்தார்கள். உடலில் சுமார் 80 சதவீதம் ஒட்டப்பட்டது. பையன் பள்ளிக்கூடம் போனான், பந்து விளையாடினான்.

2023-ல் அமெரிக்கா ஒரு வகைக்கு, புண்ணில் தடவும் மரபணு ஜெல்லை அனுமதித்தது. விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே வீட்டில் இன்றும் பழைய வேலைதான்: சுத்தமான ஊசியால் கொப்புளத்து நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் விட்டு, வாசலின் தடவி, ஒட்டாத துணியால் கட்டுவது. பிளாஸ்திரி கூடவே கூடாது. குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. தலைக்கும் இடுப்புக்கும் அடியில் மெத்தென்ற துணியோடு ஏந்த வேண்டும்.