வாக்குக் கொடாத தோழன்



ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்னும் நகரம் இருக்கிறது. செபெதேயுவின் குமாரனாகிய யாக்கோபு அப்போஸ்தலன் அங்கே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார் என்பது ஒன்பதாம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் நம்பிக்கை. தமிழ்க் கத்தோலிக்கச் சகோதரர் அவரைச் சந்தியாகப்பர் என்று அழைக்கிறார்கள். அந்த நகரத்தின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பிரான்சின் எல்லையிலிருந்து பிரனீஸ் மலையைக் கடந்து அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நடக்கவேண்டும். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் ஒரு மாதம் ஆகும்.

இன்று அவ்வழியே நடந்து திரும்புகிறவர்கள் அடிக்கடி சாட்சியாகச் சொல்லும் காரியம் ஒன்றுண்டு. காலையில் அறிமுகமான ஒருவர் மாலைக்குள் நெடுநாள் நண்பரைப்போல் ஆகிவிடுகிறார் என்பதே அது. மொழி வேறு, தேசம் வேறு, தொழில் வேறு; ஆனாலும் பாதத்தில் எழும்பிய கொப்புளம் எல்லாருக்கும் ஒன்றுதான். முதுகில் சுமக்கக்கூடியதைத் தவிர வேறு உடைமை ஒருவரிடமும் இல்லை. பெருமை பாராட்ட எதுவும் இல்லாத இடத்தில் இருதயம் விரைவில் திறக்கிறது.

இடைக்காலத்தில் இந்த நட்பு ஓர் அவசியத் தேவையாகவும் இருந்தது. வழியில் கள்ளர் இருந்தார்கள், பெருக்கெடுத்த ஆறுகள் இருந்தன, பனி மூடிய கணவாய்கள் இருந்தன. தனியே நடப்பவன் விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. ஆகவே யாத்திரிகர் கூட்டமாய்ச் சேர்ந்து நடந்தார்கள். அவர்களுக்காகத் திருச்சபை வழிநெடுக விடுதிகளை ஏற்படுத்தியது. பதினோராம் நூற்றாண்டில் தொமிங்கோ என்னும் துறவி தம் வாழ்நாளைச் செலவிட்டு யாத்திரிகருக்காகச் சாலை அமைத்தார், பாலம் கட்டினார், விடுதி எழுப்பினார். 1109-ல் அவர் மரித்தார். அவர் உழைத்த ஊர் இன்றும் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

விரைவில் பூக்கும் நட்பு எவ்வளவு தூரம் தாங்கும்? இந்தக் கேள்வியை அக்காலத்தாரே கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட யாக்கோபின் நூலில், 1080-ஆம் ஆண்டில் நடந்ததாக ஒரு கதை காணப்படுகிறது. லொரேன் நாட்டார் முப்பது பேர் யாத்திரை புறப்பட்டார்கள். வழியில் என்ன நேர்ந்தாலும் ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒருவர் மாத்திரம் அந்த வாக்கைக் கொடுக்கவில்லை. நடுவழியில் அவர்களில் ஒருவர் நோயுற்றார். மற்றவர்கள் அவரைக் குதிரைமேலும் கைகளிலும் சுமந்து, ஐந்து நாளில் கடக்கும் தூரத்தைப் பதினைந்து நாளில் கடந்து, பிரனீஸ் மலையடிவாரம்வரை கொண்டுவந்தார்கள். அங்கே களைத்துப்போய், அவரை விட்டுவிட்டுத் தங்கள் வழியே போனார்கள். நோயாளியோடு தங்கினவர் ஒருவரே. வாக்குக் கொடாத அந்த மனிதர். மறுநாள் மாலையில் மலையுச்சியில் நோயாளி மரித்தார். இருளில் பிரேதத்தோடு தனித்து நடுங்கிய அந்தத் தோழனுக்கு அப்போஸ்தலன் குதிரைவீரனாகத் தோன்றி, மரித்தவரையும் உயிரோடிருந்தவரையும் விடியுமுன் கொம்போஸ்தெலாவுக்கு அருகே கொண்டுவந்து சேர்த்ததாகக் கதை முடிகிறது. விட்டுப்போனவர்கள் தவத்துக்கு உட்பட்டார்கள்.

இதில் வரும் அற்புதத்தை நாம் சரித்திரமாக எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. ஆனால் அக்காலத்து விசுவாசிகளின் மனச்சாட்சி இதில் தெளிவாகத் தெரிகிறது. விட்டுப்போனவர்கள் கொடியவர்கள் என்று கதை சொல்லவில்லை. பதினைந்து நாள் சுமந்தவர்கள் அவர்கள்! பதினாறாம் நாளில்தான் தவறினார்கள்.

வழித்துணையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் கொம்பாஞேரோ. அப்பத்தைப் பகிர்ந்து உண்பவன் என்னும் பொருள்தரும் லத்தீன் வேரிலிருந்து அது பிறந்தது. எம்மாவு வழியில் நடந்த இரு சீஷரை நினைத்துப்பாருங்கள். ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம், சில மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான். உடன் நடந்தவர் யார் என்று அறியுமுன்னே, பொழுது சாய்ந்தது, தங்கவேண்டும் என்று அவரை வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். அப்பம் பிட்கப்பட்டபோதே அவர்கள் கண்கள் திறந்தன. அந்நியரை அன்று வழியனுப்பி வைத்திருந்தால், தங்களோடு நடந்தவர் உயிர்த்தெழுந்த கர்த்தர் என்பதை அந்தப் பந்தியில் அறிந்திருக்கமாட்டார்கள்.

பிரியமானவர்களே, நம் சபையிலும் நட்பு விரைவில் பிறக்கிறது. ஒரு கன்வென்ஷனில், ஒரு ஜெபக்குழுவில், ஒரு மருத்துவமனை வராந்தாவில் முகமறியாதவர்கள் சகோதரராகிறார்கள். அது தேவன் தரும் ஈவு. அதன் விரைவைக் கண்டு சந்தேகப்படவேண்டாம். ஆனால் படுக்கையில் விழுந்தவரை முதல் வாரம் பத்துப்பேர் சந்திக்கிறோம். ஆறாம் மாதத்தில் எத்தனை பேர்? துக்கவீட்டில் மூன்றாம் நாள் நிறைந்திருந்த நாற்காலிகள் முப்பதாம் நாளில் எங்கே? ஆராதனையில் நம் அருகே அமர்ந்திருந்து, மெல்லப் பின்தங்கி, வராமலே போனவரின் வீட்டுக்கதவை யார் தட்டினார்கள்? ஒருவர் தனியே சுமந்தால் பதினைந்து நாளில் களைப்பார். முறைவைத்துச் சுமக்கத்தான் கர்த்தர் நமக்குச் சபையைக் கொடுத்திருக்கிறார்.

இந்த வாரம் அப்படிப்பட்ட ஒருவரின் பெயரை ஜெபத்தில் நினைத்து, அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். பெரிய வாக்குறுதி எதுவும் வேண்டாம். சிறிதுநேரம் கூட இருங்கள். முடிந்தால் ஒருவேளை ஆகாரத்தை அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

ஜெபம்: வழித்துணையான ஆண்டவரே, எங்களோடு நடக்க நீர் தந்த மனிதருக்காக உம்மைத் துதிக்கிறோம். எங்கள் நடை வேகமாயிருக்கும்போது பின்தங்கினவரைத் திரும்பிப்பார்க்கும் கண்களைத் தாரும். நாங்கள் களைக்கும் நாளில் எங்களையும் சுமந்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.